சாத்தாத கதவும் தனி வாயிலும்

நட்புக்குச் சான்று வேண்டுமென்றால் நம் மேடைகளில் முதலில் வந்து நிற்பவர்கள் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும். அடுத்துக் கபிலரும் பாரியும். அவர்களை அடுத்து ஔவையும் அதியமானும். புலவரும் புரவலரும் கொண்ட நட்பு இவையெல்லாம். பள்ளிப் பாடத்தில் உண்டு, பட்டிமன்றத்தில் உண்டு, பாராட்டு மாலைகளில் தவறாமல் உண்டு. பாட்டுக்குப் பண் தந்தவன், பண்ணுக்கு யாழ் தந்தவன், அந்த யாழைத் தோளில் தாங்கி ஊர் ஊராய் நடந்தவன் ஒருவன் இருந்தானே, பாணன்! அவனோடு இந்த நாடு கொண்ட நட்பு என்ன ஆயிற்று என்று கேட்பார் மட்டும் அருகியே காணப்படுகின்றனர்.

அந்தக் கேள்வியை ஓர் ஊரில் நின்று கேட்கலாம். திண்டிவனத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், விழுப்புரம் மாவட்டத்தில் உள்ளது கிளியனூர். கிழக்கே மரக்காணத்து உப்பளங்கள், மேற்கே திண்டிவனம், இடையிலே ஏரிப் பாசன வயல்களும் செம்மண் மேடுகளும். பெரும் வரலாற்று நூல்களில் இடம்பெறாத சிற்றூர். ஆயினும் தமிழிசை வரலாற்றின் இரண்டு ஏடுகள் இவ்வூரை ஒட்டிக் கிடக்கின்றன. ஒன்று, பத்துப்பாட்டில் உள்ள சிறுபாணாற்றுப்படை. அப்பாட்டில் பாணன் நடந்த வழி இந்த வட்டாரத்தின் வழி. மற்றொன்று, இவ்வூர்ச் சிவன் கோயிலின்மீது திருஞானசம்பந்தர் பாடியதாக வழங்கும் பதிகம். பழந்தேவாரத் திரட்டுகளில் இடம்பெறாமல், பிற்காலத்தில் கிடைத்துச் சேர்க்கப்பட்ட பதிகம் அது. சம்பந்தர் பாடியதுதானா என்பது வேறு வழக்கு. அதனைச் சைவர்களிடமே விட்டுவிடுவோம். பாணனை வழிகாட்டி அனுப்பிய பாட்டும், பாணனைத் தோழனாகக் கொண்டிருந்த சம்பந்தரின் பெயரும் ஒரே ஊரின் எல்லையில் சந்திக்கின்றன என்பதே நமக்கு வேண்டியது.

முதல் ஏட்டைப் புரட்டுவோம்.

சிறுபாணாற்றுப்படை 269 அடிகள் கொண்டது. பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். இடைக்கழி நாடு என்பது மரக்காணத்துக்கு வடக்கே கடலுக்கும் கழிக்கும் இடைப்பட்ட நிலம். இன்றும் அப்பெயராலேயே வழங்குகிறது. ஆகவே இப்புலவர் பாடியது தம் கடற்கரையை. ஏட்டில் படித்த கடற்கரையை அன்று. பாட்டுடைத் தலைவன் ஓய்மா நாட்டு நல்லியக்கோடன். அவன் ஊர் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. 1889ஆம் ஆண்டில் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு அச்சேற்றியிராவிட்டால், இந்தப் பாணனும் அவன் பசியும் கறையான் வாய்ப்பட்டிருக்கும்.

பசி என்றோம். சங்க இலக்கியம் என்றால் காதலும் வீரமும் என்று சொல்லிப் பழகிய நாவுக்கு, இப்பாட்டில் வரும் பசியின் படம் கசக்கத்தான் செய்யும். கூரை இற்று விழுந்த அடுக்களை. கறையான் அரித்த சுவரில் காளான் பூத்திருக்கிறது. அண்மையில் குட்டி ஈன்ற நாய், கண் திறவாத குட்டிகள் பாலில்லா மடியைப் பற்றி இழுப்பது பொறாமல் குரைக்கிறது. பசியால் மெலிந்த கிணைமகள் குப்பைமேட்டில் முளைத்த வேளைக் கீரையை நகத்தால் கிள்ளி எடுத்து வருகிறாள், வேக வைக்கிறாள், உப்பில்லை. உப்பில்லாமல் வெந்த அந்தக் கீரையை, ஊரார் பார்த்து ஏளனம் செய்வார்களே என்று நாணி, வாயிற்கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு பகிர்ந்து உண்கிறார்கள்.

அந்தக் கதவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏழைவீட்டுக் கதவு நாணத்தால் மூடுகிறது.

உப்பில்லாக் கீரை உண்ட பாணன், இதோ உப்பு விளையும் கரைக்கு ஆற்றுப்படுத்தப்படுகிறான். முதலில் எயிற்பட்டினம், அதுவே இன்றைய மரக்காணம் என்பர் ஆராய்ச்சியாளர். கிரேக்க வணிகர் குறிப்பேடான பெரிப்ளூசில் வரும் சோபட்மா என்னும் துறையும் இதுவே என்று கருதுவாருண்டு. அந்நூல் அதனோடு சேர்த்துச் சொல்லும் பொதுகே என்பது புதுச்சேரிக்குத் தெற்கேயுள்ள அரிக்கமேடு. 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது உரோமானிய மட்கலங்கள் வெளிப்பட்டன. அயல்மொழியும் அயல்முகமும் புதுமையல்லாத கரை இது. நத்தத்தனார் கையாளும் ஓர் உவமையைப் பாருங்கள்: அலை கொண்டுவந்து ஒதுக்கிய மணமரக் கட்டைகள், உறங்கும் ஒட்டகங்கள் போல் கிடக்கின்றனவாம். தமிழ்க் கடற்கரையில் ஒட்டகத்துக்கு என்ன வேலை? புலவர் அதனைக் கண்டிருக்கிறார், அல்லது கண்டவர் வாய்க் கேட்டிருக்கிறார்.

அந்த மணமரத்தை விறகாக எரித்து, நுளையர் மகள் வடித்த பழந்தேறலைப் பரதவர் பாணனுக்கு வார்க்கிறார்கள். மதுவிலக்கு அன்பர்கள் பொறுத்தருள்க. பாட்டில் உள்ளதைத்தான் சொல்கிறோம். கூடவே சுட்ட குழல்மீன் கருவாடு. வீட்டுக்கு வீடு அது கிடைக்கும் என்பது புலவர் வாக்கு.

அடுத்து வேலூர். கிளியனூரை அடுத்துள்ள உப்புவேலூரே இவ்வேலூர் என்பர். முல்லையும் மேடுமான நிலம், வேட்டுவர் குடி. எயிற்றியர் சமைத்த புளிச்சோறு, ஆமான் இறைச்சியோடு. அதனை அடுத்து மருத நிலத்து ஆமூர். அந்த ஊரில் அந்தணர்க்குக் குறைவில்லை என்று புலவரே சொல்கிறார். அங்கே உழவர்குடிப் பெண் தன் பிள்ளைகளோடு வந்து பாணனைப் போகவிடாமல் தடுத்து நிறுத்துகிறாள். உலக்கையால் குற்றித் தீட்டிய அரிசிச் சோறு இடுகிறாள், தொட்டுக்கொள்ள நண்டு. அந்தணர் நிறைந்த ஊரில், உழவர் வீட்டுத் திண்ணையிலே, பாணனுக்கு நண்டுக் கலவை! யாரும் மூக்கைப் பொத்தியதாகவோ, முகம் சுளித்ததாகவோ, தண்ணீர் தெளித்ததாகவோ பாட்டில் செய்தி இல்லை.

மீனவர் வீடு, வேட்டுவர் வீடு, உழவர் வீடு. மூன்று நிலம், மூன்று தொழில், மூன்று வகை உணவு, மூன்று வகைப் பேச்சுங்கூட இருந்திருக்கும். நான்காவது நிலத்திலிருந்து வந்தவன் போல யாழோடு ஒருவன் வருகிறான். அவன் பாடுகிறான், இவர்கள் இலை போடுகிறார்கள். கடற்கரையிலிருந்து கிடங்கில் வரை, ஏறத்தாழ இன்றைய மரக்காணம் திண்டிவனம் சாலை நெடுகிலும், பாணனுக்குக் கதவு திறக்க ஓர் அரசாணை தேவைப்படவில்லை.

கடைசியில் கிடங்கில். நல்லியக்கோடன் அரண்மனை வாயில் எப்படிப்பட்டது? கூத்தும் போர்க்களப் பாட்டும் வல்ல பொருநருக்கும், புலவருக்கும், மறை ஓதும் அந்தணருக்கும் ஒன்றுபோல் சாத்தாத வாயில் அது என்கிறார் நத்தத்தனார். வரிசையைக் கவனியுங்கள். பொருநர் முதலில், புலவர் இரண்டாவது, அந்தணர் மூன்றாவது. வாயிலோ ஒன்றுதான். உள்ளே சென்ற பாணன்முன் பொற்கலத்தில் உணவு பரிமாறப்படுகிறது; அரசன் தானே அருகில் நின்று உண்பிக்கிறான். உடுத்தப் புத்தாடை, ஊர் திரும்பத் தேர், தேரோடு பாகன்.

இங்கே ஒரு சொல். பழம்பெருமை பேசி மயங்குவது நம் நோக்கம் அன்று. அக்காலம் ஏற்றத்தாழ்வு இல்லாத பொற்காலம் என்று கூறினால் சான்றுகளே நம் வாயை அடைக்கும். புறநானூற்றிலேயே ‘புலையன்’ என்றும் ‘இழிசினன்’ என்றும் தொழிலாளரை விளிக்கும் சொற்கள் உண்டு. அவற்றை மறைப்பது பகுத்தறிவாளர்க்கு அழகன்று. நல்லியக்கோடன் வீட்டுச் சமையலைப் புகழ வந்த இடத்தில், அருச்சுனனின் அண்ணன் வீமன் செய்த மடைநூல் முறைப்படி ஆக்கிய உணவு என்று வடநாட்டுக் கதை வந்து உட்கார்ந்துகொண்டதையும் காண்கிறோம். பாணனின் வறுமையோ கண்கூடு; அரசன் கொடுத்தால் தேர், கொடாவிட்டால் குப்பைக்கீரை. கைதட்டி மகிழ வேண்டிய பொருளாதாரமா இது?

ஆனாலும் மாங்குடி கிழார், புறநானூற்று 335ஆம் பாட்டில், குடிகள் என்று சொல்லத்தக்கவை நான்கே என எண்ணுகிறார்: துடியன், பாணன், பறையன், கடம்பன். நான்கில் மூன்று இசைக்கருவியோடு பிறந்த பெயர். இசைக்கிறவன் குடியாக மதிக்கப்பட்ட நாடு. அவனோடு உண்பது இழிவாகாத நாடு. இந்த அளவுக்குச் சொல்லச் சான்று போதும். இதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்ட வேண்டா.

இனி இரண்டாவது ஏடு. இடையில் ஏறத்தாழ 400 ஆண்டுகள் ஓடிவிட்டன. களப்பிரர் வந்து போயினர், பல்லவரும் பாண்டியரும் அரியணை ஏறினர், பிரமதேயங்கள் பெருகின, ஊருக்கு நடுவே கோயில் எழுந்தது. அரண்மனை வாயிலில் பாடிய பாணன் கோயில் வாயிலுக்கு வந்து நிற்கிறான்.

7ஆம் நூற்றாண்டில் சீகாழியில் கவுணியர் குலத்துப் பார்ப்பனச் சிறுவர் சம்பந்தர் பதிகம் பாடுகிறார். அவரைத் தேடி எருக்கத்தம்புலியூரிலிருந்து ஒரு பாணர் வருகிறார், திருநீலகண்டர் என்பது பெயர், யாழில் வல்லவர். உடன் அவர் துணைவி, பாடினி, மதங்கசூளாமணியார். அன்று தொடங்கிச் சம்பந்தர் சென்ற ஊர்தோறும் இவ்விருவரும் சென்றனர். அவர் பாட, இவர் யாழிலிட்டு இசைக்க, அப்படித்தான் பதிகங்கள் தமிழ்நாட்டில் பரவின. 8ஆம் நூற்றாண்டில் சுந்தரர் தொகுத்த அடியார் பட்டியலில் இப்பாணர் பெயர் இருக்கிறது. ஆகவே ஆள் கற்பனை அல்லர். நிகழ்ச்சிகளை விரித்து எழுதியவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். 500 ஆண்டுகள் கழித்து எழுதியவர் கண்டது எது, கேட்டது எது, கட்டியது எது என்று பிரித்தறிய வேண்டிய கடமை வரலாறு படிப்போர்க்கு உண்டு. ஆயினும் சேக்கிழார் சொன்ன கதைகள் ஒரு வகையில் உண்மையான ஆவணங்கள்தாம். 12ஆம் நூற்றாண்டுச் சமுதாயம் எதைக் கண்டு கூச்சப்பட்டது, எதற்குச் சமாதானம் தேடியது என்பதை அவை காட்டிக்கொடுக்கின்றன.

முதலில், நட்பு மெய்யானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எருக்கத்தம்புலியூருக்கு வந்தபோது, இது நான் பிறந்த ஊர் என்று பாணர் தெரிவிக்கிறார். நீர் பிறப்பதற்கு இவ்வூர் என்ன தவம் செய்ததோ என்று சம்பந்தர் வியக்கிறார். வியக்கும்போது பாணரை ‘ஐயர்’ என்று அழைக்கிறார். சேக்கிழார் பாட்டில் இது தெளிவாக இருக்கிறது. ஒரு பார்ப்பனச் சிறுவர் ஒரு பாணரை ‘ஐயர்’ என்று விளித்ததாக 12ஆம் நூற்றாண்டில் எழுதத் துணிந்தாரே, அந்தத் துணிவைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. நாம் சைவத்தை ஏற்காதவர்களாக இருக்கலாம். நல்ல செயலுக்கு நாத்திகன் தலையாட்டக் கூடாது என்று எந்தப் பகுத்தறிவும் சொல்லவில்லை.

அப்படியானால் குறை எங்கே? நட்புக்கு வெளியே, நான்கு புறமும் இருக்கிறது.

சம்பந்தரைச் சந்திக்குமுன் பாணர் திருவாரூருக்குப் போனார். கோயில் வாயிலின் முன் நின்று யாழ் மீட்டினார். உள்ளே போகவில்லை. ஏன் போகவில்லை என்று சேக்கிழார் விளக்கவில்லை. விளக்க வேண்டிய தேவையும் அன்றைய கேட்போர்க்கு இல்லை. இசை கேட்டு மகிழ்ந்த இறைவன், வடதிசையில் வேறொரு வாயில் வகுத்துக் கொடுத்தானாம். பாணர் அவ்வழியே புகுந்து வணங்கினாராம்.

அன்பர்களே, சற்றே நின்று எண்ணிப் பாருங்கள். எல்லாம் வல்லவன் என்கிறார்கள். முப்புரம் எரித்தவன் என்கிறார்கள். அப்படிப்பட்டவனால், இருக்கின்ற வாயிலைப் பாணனுக்குத் திறந்துவிட முடியவில்லை! மதிலை உடைத்துப் புதுவாயில் அமைக்க முடிந்தது. பழைய வாயிலில் நின்ற வழக்கத்தை உடைக்க முடியவில்லை! கடவுளைக் காட்டிலும் சாதி வலியது என்று கடவுளை நம்பாத நாம் எழுதினால் குறும்பு என்பார்கள். எழுதியவர் சேக்கிழார்.

கிடங்கிலில் பொருநனும் புலவனும் அந்தணனும் ஒரே வாயிலில் நுழைந்தார்கள். திருவாரூரில் பாணனுக்கு வடக்கு வாயில். தமிழகத்தின் நானூறு ஆண்டு வரலாற்றை இந்த இரண்டு வாயில்களுக்கு இடையில் எழுதிவிடலாம்.

இன்னொரு நிகழ்ச்சி சாத்தமங்கையில். அவ்வூர்த் திருநீலநக்கர் மறையவர், சிவனடியார். சம்பந்தர் அவர் இல்லத்தில் தங்குகிறார். இரவு, பாணருக்கும் பாடினிக்கும் தங்க இடம் கொடுங்கள் என்று சம்பந்தர் கேட்கிறார். கேட்க வேண்டியிருந்தது என்பதைக் கவனியுங்கள். நீலநக்கர் நல்ல மனிதர். வீட்டின் நடுவிடத்தில், வேள்வித்தீ வளர்க்கும் மேடையின் அருகிலேயே இடம் தருகிறார். உடனே அந்தத் தீ வலமாகச் சுழன்று மேலோங்கி எரிந்ததாம். தீட்டுப்படவில்லை என்று தீயே சான்று கூறிற்று என்பது கதையின் பொருள். ஆமூர் உழவர்குடிப் பெண் பாணனுக்குச் சோறிட்டபோது அடுப்புத் தீ எந்தப் பக்கம் சுழன்றது என்று நத்தத்தனார் எழுதவில்லை. அவள் தீயைக் கேட்கவும் இல்லை.

மதுரையில் பாணருக்குப் பொற்பலகை கிடைத்ததும் இவ்வகையே. யாழ் தரையில் பட்டால் ஈரத்தால் கெடும், பலகை இடுங்கள் என்று ஆணை பிறந்ததாம். சீகாழியில் முதன்முதல் வந்தபோதோ, சம்பந்தர் அவரைக் கோயிலின் புறமுற்றத்துக்கு அழைத்துச் சென்று அங்கிருந்தே யாழ் இசைக்கச் சொன்னார். உற்ற தோழரின் சொந்த ஊர், சொந்தக் கோயில், இடமோ புறமுற்றம். வைணவர் பக்கமும் இதே கதைதான். திருவரங்கத்துக்கு வெளியே காவிரிக் கரையில் நின்று பாடிய பாணரைக் கல்லால் அடித்த முனிவரே, பின்பு அவரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டு போனாராம். அவர் காலால் நடந்து உள்ளே போயிருந்தால் என்ன? அதற்குக் கதை இடம் தரவில்லை.

ஒவ்வோர் அடிக்கும் ஓர் அற்புதம் தேவைப்படுகிறது. வாயிலுக்கு ஓர் அற்புதம், பலகைக்கு ஓர் அற்புதம், படுக்கைக்கு ஓர் அற்புதம். மனிதர் செய்ய மறுத்ததை எல்லாம் கடவுள் தலையில் கட்டிக் கதை செய்திருக்கிறார்கள். தனி ஒருவருக்குக் கிடைத்த அற்புதத்தால் அவருடைய குடிக்கு என்ன கிடைத்தது? நீலகண்டருக்கு வடக்கு வாயில் திறந்தது என்றால், அவர் தம்பி மக்களுக்கும் திறந்ததா? அதைப் பற்றிச் சேக்கிழார் ஒரு பாட்டும் பாடவில்லை.

நம் உள்ளத்தை மிகவும் வருத்தும் நிகழ்ச்சி தருமபுரத்தில் நடந்தது. அது பாணருடைய தாயார் பிறந்த ஊர். உறவினர் கூடி வரவேற்றனர். அவர்களிடம் பாணர் தம் தோழரின் பெருமையைச் சொல்ல, அவர்களோ, உம்முடைய யாழில் ஏற்றி வாசித்ததால்தான் அந்தப் பாட்டு உலகெங்கும் புகழ் பெற்றது என்றார்களாம். மாமன் மைத்துனர் வாயில் வரும் இயல்பான பேச்சு. நம் வீட்டுப் பிள்ளை நாடறிந்தவனாக ஊர் திரும்பினால் நாமும் இப்படித்தான் பேசுவோம். பேச்சில் பொய்யும் இல்லை. ஏட்டில் கிடந்த பாட்டை எளிய மக்கள் செவிக்குக் கொண்டு சேர்த்தது இசை. பாதிப் பங்கு அவர்களுடையது.

சேக்கிழாருக்கோ அது பொறுக்கவில்லை. கதைப்படி, பாணரே நடுங்கிப் போய்ச் சம்பந்தரிடம் ஓடுகிறார். யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடி, என் சுற்றத்தார்க்கு உண்மையை உணர்த்துங்கள் என்று வேண்டுகிறார். சம்பந்தர் பாடுகிறார். பாணர் யாழில் இட முயல்கிறார்; முடியவில்லை. இந்தக் கருவியால் வந்த கேடு என்று யாழை ஓங்கி உடைக்கப் போகிறார். சம்பந்தர் தடுத்து யாழைத் தம் கையில் வாங்கிக்கொள்கிறார். கருவியின் அளவுக்குள் எல்லாம் அடங்குமா, இயன்றவரை வாசியுங்கள் என்று தேற்றித் திருப்பிக் கொடுக்கிறார். அந்தப் பண்ணுக்கு யாழ்முரி என்று பெயர்.

யாழை உடைக்க விடாமல் தடுத்த அந்தக் கை நட்பின் கை. அதை ஐயுற வேண்டா. ஆனால், உறவினர் வாயடைக்க ஒரு கலைஞன் தன் கருவியையே உடைக்க ஓங்கினான் என்று எழுதும்போது எழுத்தாளரின் உள்ளம் எப்பக்கம் நின்றது? இசை, பாட்டுக்கு அடங்கியது. பாணன், பாடியவர்க்கு அடங்கியவன். இதை அவன் சுற்றம் மறக்கக்கூடாது. கூட்டுமுயற்சியில் பங்கு கேட்ட குரல் அந்த ஓரிடத்தில்தான் கேட்கிறது. கேட்ட இடத்திலேயே அதற்குப் பாடம் புகட்டப்படுகிறது.

பிறகு என்ன ஆயிற்று? பாட்டு ஏட்டில் தங்கியது. பாணன் தங்கவில்லை.

சோழப் பேரரசு காலத்தில் தேவார ஏடுகளைத் தேடியபோது, தில்லையில் கறையான் அரித்ததுபோக எஞ்சியவை கிடைத்தன என்று திருமுறை கண்ட புராணம் கூறும். எழுத்துக் கிடைத்தது; பண் கிடைக்கவில்லை. எந்தப் பதிகத்தை எந்தப் பண்ணில் பாடுவது என்று நம்பியாண்டார் நம்பிக்கும் தெரியவில்லை, அரசனுக்கும் தெரியவில்லை, தில்லை மூவாயிரவருக்கும் தெரியவில்லை. கடைசியில் எங்கே போனார்கள்? எருக்கத்தம்புலியூருக்கு! இன்று கடலூர் மாவட்டத்தில் இராசேந்திரப்பட்டினம் என வழங்கும் ஊர் அது. திருநீலகண்டர் மரபில் வந்த ஒரு பெண்ணை அழைத்து வந்து, அவர் வாயால் பண்களை வகுத்துக்கொண்டார்கள். மூன்று நூற்றாண்டுக் காலம் கோயில்கள் காக்கத் தவறிய செல்வத்தை, வேறு வாயிலில் நிறுத்தப்பட்ட குடியின் பெண்ணொருத்தி காத்து வைத்திருந்தாள். இதுவும் புராணம் கூறும் செய்திதான். ஆனால் தம் குலத்துக்கு உயர்வு தராத ஒரு செய்தியைப் புராணக்காரர் வலிந்து கற்பிக்க வேண்டிய தேவை இல்லை என்பதால், இதனை நம்பலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

அப்பெண்ணின் பெயரைப் புராணம் சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் பதிகம் பாட முதலாம் இராசராசன் நியமித்தவர் 48 பேர். உடுக்கையும் மத்தளமும் வாசிக்க இருவர். ஆக 50 பேர். ஒவ்வொருவர் பெயரும், ஒவ்வொருவர்க்கும் நாளொன்றுக்கு அளக்க வேண்டிய மூன்று குறுணி நெல்லும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. உடுக்கைக்கு இடமுண்டு, மத்தளத்துக்கு இடமுண்டு. யாழுக்கு அந்த ஐம்பதில் இடமில்லை.

மெல்ல மெல்ல யாழே மறைந்தது. சிற்பத்தில் நின்றது, இலக்கியத்தில் நின்றது, கையில் இல்லை. 1909இல் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி வெளியிட்ட நூலில், மதுரை, நெல்லைப் பகுதிப் பாணர்கள் தையல் தொழில் செய்வோராகக் குறிக்கப்பட்டுள்ளனர். நரம்பு பிடித்த விரல் நூல் பிடித்தது. தையல் இழிந்த தொழில் என்று சொல்லவில்லை. தொழிலில் இழிவு ஏது? ஓர் இனத்தின் கலை அந்த இனத்தின் கையிலிருந்தே உதிர்ந்துபோன அளவைச் சொல்கிறோம்.

உதிர்ந்ததைத் தேடி எடுக்க வந்தவர்கள் யார் என்பதும் அறியத்தக்கது. தஞ்சையில் சித்த மருத்துவம் செய்து பொருள் ஈட்டிய ஆபிரகாம் பண்டிதர், கிறித்துவர். ஈட்டிய பொருளை இசை மாநாடுகளில் செலவழித்தார். 1916இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டுக்குத் தம் பெண்மக்களை அழைத்துச் சென்று, தம் சுருதிக் கணக்கை வீணையில் வாசித்துக் காட்டச் செய்தார். மறு ஆண்டு, 1917இல், ‘கருணாமிர்த சாகரம்’ என்னும் பெருநூல் வெளிவந்தது. சிலப்பதிகாரத்துப் பாலைகளுக்கும் பண்களுக்கும் கணக்குப் போட்டுத் தேடியது அந்நூல். தேவாரத்தில் வாழ்ந்த பண்ணைத் தேடியவர் தேவாலயத்துக்குச் செல்பவர்! இதனைக் கண்டு முகம் சுளிக்காமல் உடன் உழைத்த இசைவாணர்களும் அன்று இருந்தார்கள்.

அவரை அடுத்து விபுலானந்தர். ஈழத்தின் கிழக்குக் கரையில் காரைதீவில் பிறந்தவர். இராமகிருட்டிண மடத்துத் துறவி. 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். கணிதமும் அறிவியலும் பயின்ற மூளை கொண்டு யாழை ஆராய்ந்தார். எந்த நரம்பு எவ்வளவு நீளம், எந்தக் கோவைக்கு என்ன அளவு என்று கணக்கிட்டு, வில்யாழ் முதலாகப் பழந்தமிழ் யாழ் வகைகளை மீளக் கட்டிக் காட்டினார். அந்த ‘யாழ் நூல்’ கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் துணையோடு 1947 சூன் திங்களில் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறியது. சம்பந்தர் பாடிய ஊர் என்பதால் அவ்வூரைத் தேர்ந்தனர். அவர் கணக்கின்படி செய்த யாழ்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டன. பாணர் மீட்டிய கருவி பல நூற்றாண்டு கழித்துக் கோயிலுக்குள் ஒலித்தது. அடுத்த மாதமே விபுலானந்தர் மறைந்தார்.

அதே 1947ஆம் ஆண்டில்தான் சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. வடக்கு வாயில் வேண்டா, எல்லார்க்கும் ஒரே வாயில் என்றது அச்சட்டம்.

சட்டம் வந்து 76 ஆண்டுகள் கழித்து, 2023 ஏப்ரலில், கிளியனூர் இருக்கின்ற இதே விழுப்புரம் மாவட்டத்தில், மேல்பாதி என்னும் ஊரில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் சென்ற தாழ்த்தப்பட்ட வகுப்பு இளைஞர்கள் தாக்கப்பட்டனர். பேச்சுவார்த்தைகள் பலனளிக்கவில்லை. சூன் திங்களில் வருவாய்த் துறையினர் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தனர். வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது. 2025 ஏப்ரலில் அவர்கள் உள்ளே சென்று வழிபட்டனர். அன்று வாயிலில் காவல் துறையினர் நின்றிருந்தனர்.